பெட்ரோலை மின்சாரமாக்கினால் நஷ்டம்தானே? அப்புறம் ஹைப்ரிட்டுக்கு மைலேஜ் எங்கிருந்து வருகிறது?

மே 6, இரவு

பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் கார் பற்றி ஒரு கேள்வி, வந்தபடியே: “ஹைப்ரிட்டில் பிளக் கிடையாது. எல்லா ஆற்றலும் பெட்ரோலிலிருந்துதான் வர வேண்டும். பெட்ரோலை எரித்து ஜெனரேட்டரைச் சுற்றி, பேட்டரியில் ஏற்றி, மறுபடி எடுத்து மோட்டாருக்குக் கொடுத்தால் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் வீணாகும். நேராகச் சக்கரத்துக்கே கொடுத்தால் அது மிச்சம். ஆகவே ஹைப்ரிட் மைலேஜ் என்பது விளம்பரம்.”

முதல் மூன்று வரியும் சரி. நான்காவதில்தான் சிக்கல். “நேராகச் சக்கரத்துக்கே” என்று சொல்லும்போது, இன்ஜின் எப்போதும் ஒரே திறனில் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அது அப்படி இல்லை.

ஒரு நடுத்தர கார் சமதளத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சீராகப் போக, சக்கரத்தில் வேண்டியது 2 கிலோவாட் அளவுதான். உள்ளே இருப்பதோ 70 கிலோவாட் இன்ஜின். அவ்வளவு பெரிய இன்ஜின் 2 கிலோவாட்டுக்கு ஓடும்போது த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் கதவு) ஏறக்குறைய மூடியே இருக்கும். காற்றை உறிஞ்சவே கணிசமான உழைப்பு போய்விடும். எரிக்கிற பெட்ரோலில் 15 முதல் 20 சதவீதம்தான் வேலையாக மாறும். அதே இன்ஜினை 10, 15 கிலோவாட்டில் ஓட்டினால் 35 சதவீதத்தைத் தொடும்.

ஹைப்ரிட் செய்வது இதுதான். இன்ஜின் ஓடினால் அந்த நல்ல இடத்தில் ஓடும். மிஞ்சுவதைப் பேட்டரியில் போடும். பிறகு அணைந்துவிடும். ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், பேட்டரி, மோட்டார் என்று சுற்றி வரும்போது 30 சதவீதம் போய்விட்டது என்றே வையுங்கள். 35-இல் 70 சதவீதம், 24.5. நேர்வழியில் 20-ஐத் தாண்டவில்லையே. நஷ்டத்தைக் கொடுத்த பிறகும் லாபம்தான்.

அதுவும் எல்லா ஆற்றலும் பேட்டரி வழியாகச் சுற்றுவதில்லை. பெரும்பகுதி பல்சக்கரம் வழியாக நேராகவே போகிறது. அதை அப்புறம் எழுதுகிறேன்.

மே 7, காலை

“அப்படியானால் பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரம்?” என்று ஒருவர்.

கிடைக்கிறது. அப்போது மோட்டாரே ஜெனரேட்டராகச் சுழன்று வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கும். எவ்வளவு என்று கணக்குப் போட்டால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். 1,400 கிலோ கார், மணிக்கு 60 கி.மீ. வேகம். இயக்க ஆற்றல் சுமார் 194 கிலோஜூல். அதில் பாதி மறுபடி சக்கரத்துக்கு வந்து சேர்ந்தால், அதே வேலையை 35 சதவீதத் திறனுள்ள இன்ஜின் செய்ய 8 மில்லி பெட்ரோல் எரித்திருக்கும். ஒரு நிறுத்தத்துக்கு 8 மில்லி.

சிரிக்க வேண்டாம். நெரிசலான சாலையில் 10 கிலோமீட்டருக்குள் பத்து முறை அப்படி நின்று கிளம்பினால் 80 மில்லி. அந்தத் தூரத்துக்கு நல்ல ஹைப்ரிட் குடிப்பதே அரை லிட்டர்தான்.

மே 7, மதியம்

காலையில் போட்ட கணக்குக்கு ஒரு பின்குறிப்பு. அந்தப் “பாதி” என்பது மெதுவாக, முன்கூட்டியே பிரேக் பிடிப்பவர்களுக்கு. கடைசி நொடியில் ஓங்கி மிதித்தால் அந்த வேகத்துக்கு மோட்டாரால் உறிஞ்ச முடியாது, பேட்டரியாலும் வாங்க முடியாது. மீதி பிரேக் பேடில் சூடாகப் போகும். முழுதாக நிற்பதற்கு முந்தைய கடைசி சில கிலோமீட்டர் வேகத்திலும் சாதாரண பிரேக்தான் வேலை செய்யும்.

மே 9

பேட்டரி பெரிதாக இருக்கும் என்ற எண்ணம் பலருக்கு. டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் இருந்தது 168 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், 201.6 வோல்ட். கொள்ளளவு 1.3 கிலோவாட் மணி. அதையும் முழுதாகத் தொடுவதில்லை. 40 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாது, 80-க்கு மேலே ஏற விடாது, 60-ஐ ஒட்டியே வைத்திருக்கும். ஆக, கையாள்வது அரை கிலோவாட் மணி. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இது சேமிப்புப் பெட்டி இல்லை, சில்லறைப் பை. காசு வரும், போகும், நாள் முழுக்கப் புழங்கும், தங்காது. “மின்சாரத்தில் மட்டும் எத்தனை தூரம் போகும்?” என்று இந்த வகையிடம் கேட்பதில் அர்த்தமே இல்லை. ஒன்றிரண்டு கிலோமீட்டர் போகும். போனால் பிறகு இன்ஜின் அந்தக் கடனை அடைக்கும்.

பேட்டரி பல வருடம் தாங்குவதற்கும் இதுவே காரணம். இரண்டு ஓரங்களுக்கும் போகாமல் நடுவிலேயே வைத்திருப்பதால் செல்கள் மெதுவாகத்தான் தேய்கின்றன.

மே 10, இரவு

இப்போது பல்சக்கரம். இந்த இழையில் நான் எழுத ஆசைப்பட்ட பகுதி இதுதான், நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டொயோட்டா முறையில் கியர்பாக்ஸ் என்று நாம் நினைக்கிற எதுவும் இல்லை. கிளட்ச் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, ரிவர்ஸ் கியர்கூட இல்லை (மோட்டாரைத் திருப்பிச் சுற்றினால் போதும்). இருப்பது ஒரு கோள்பல்சக்கரத் தொகுதி. நடுவில் 30 பற்கள் கொண்ட சூரியச் சக்கரம், சுற்றிலும் 78 பற்கள் கொண்ட வளையம், இடையில் சிறு கோள்சக்கரங்களைத் தாங்கும் சட்டம். சூரியச் சக்கரத்தில் முதல் மோட்டார், அது பெரும்பாலும் ஜெனரேட்டராக வேலை செய்யும். வளையத்தில் இரண்டாம் மோட்டாரும் சக்கரங்களும். சட்டத்தில் இன்ஜின்.

இன்ஜின் திருகும் விசை எப்போதும் ஒரே விகிதத்தில்தான் பிரியும். 108-இல் 78 பங்கு, அதாவது 72 சதவீதம், வளையம் வழியாக நேராகச் சக்கரத்துக்கு. மீதி 28 சதவீதம் ஜெனரேட்டருக்கு. முதல் நாள் “நேராகவே போகிறது” என்று சொன்னது இதைத்தான். விசையின் விகிதம் மாறாது. மாறுவது வேகம். ஜெனரேட்டர் எவ்வளவு வேகமாகச் சுற்றலாம் என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். அதை வைத்து, வண்டி என்ன வேகத்தில் போனாலும் இன்ஜினைத் தனக்குப் பிடித்த வேகத்தில் நிறுத்திக்கொள்ளும். பற்கள் ஒருபோதும் பிரிவதில்லை, எதுவும் உரசிக்கொண்டு பிடிப்பதில்லை. தேய என்ன இருக்கிறது?

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. இன்ஜின் நின்றிருக்கும்போது வளையம் ஒரு சுற்று சுற்றினால், சூரியச் சக்கரம் எதிர்த்திசையில் 2.6 சுற்று சுற்ற வேண்டும். வேகம் கூடினால் ஜெனரேட்டர் தாங்காது. அதனால் இரண்டாம் தலைமுறை பிரியஸில் மணிக்கு 67 கி.மீ. தாண்டினால் இன்ஜின் சுழன்றே ஆக வேண்டும். சுழலும், ஆனால் தேவை இல்லாதபோது பெட்ரோல் போகாது. “இறக்கத்தில் இன்ஜின் ஓடுகிறதே, கெட்டுவிட்டதா?” என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

மே 11

ஒரு வரி விட்டுப்போனது. இன்ஜினும் சாதாரண இன்ஜின் இல்லை. 1882-இல் ஜேம்ஸ் அட்கின்சன் காப்புரிமை பெற்ற சுழற்சியின் இன்றைய வடிவம். உள்வாங்கும் வால்வைத் தாமதமாக மூடி, கொஞ்சம் காற்றைத் திருப்பி அனுப்பிவிடும். அமுக்குவது குறைவு, விரிவது அதிகம். எரிந்த வாயுவிலிருந்து கடைசிவரை வேலை பிழிந்துகொள்ளும். விலையாகக் கொடுப்பது பிக்கப். இந்த இன்ஜினைத் தனியாக வண்டியில் போட்டால் கிளம்பும்போது அழுதுவிடும். அந்தக் குறையை மோட்டார் மூடிவிடுகிறது. 2015-இல் வந்த நான்காம் தலைமுறையின் 1.8 லிட்டர் இன்ஜினுக்கு டொயோட்டா சொன்ன உச்சத் திறன் 40 சதவீதம்.

கேள்வி கேட்டவர் “இன்னும் நம்பவில்லை, யோசிக்கிறேன்” என்று எழுதியிருக்கிறார். நல்லது, அவசரமில்லை.

மே 13

“ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை.”

போகிறது, காதுதான் ஏமாறுகிறது. சாதாரண வண்டியில் சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறும், கியர் மாறினால் சத்தம் இறங்கும். இங்கே தேவைப்படும் சக்திக்கு ஏற்ற வேகத்தில் இன்ஜின் நிற்கும், வண்டி அதற்குப் பிறகு தன் பாட்டுக்கு வேகமெடுக்கும். எனக்குப் பழகக் கொஞ்ச காலம் ஆனது. இன்றும் ஏற்றத்தில் அந்த ஒரே சுருதி சத்தம் எனக்குப் பிடிப்பதில்லை. பிடிக்காது என்பது வேறு, போகவில்லை என்பது வேறு.

மே 16

சரி, மைலேஜ் எண்களுக்கு வருவோம்.

அமெரிக்காவில் 2004 பிரியஸுக்கு முதலில் கொடுத்த ஒட்டுமொத்த எண் கேலனுக்கு 55 மைல், அதாவது லிட்டருக்கு 23.4 கி.மீ. 2008 மாடல் ஆண்டு முதல் சுற்றுச்சூழல் முகமை சோதனை முறையை மாற்றியது. அதிவேகம், ஏசி, குளிர் எல்லாம் சேர்ந்தன. அதே வண்டியின் எண் 46 மைலுக்கு, லிட்டருக்கு 19.6-க்கு இறங்கியது. வண்டியில் ஒரு போல்ட்கூட மாறவில்லை.

ஐரோப்பாவின் பழைய சோதனையில் சராசரி வேகம் மணிக்கு 34 கி.மீ.தான். ஹைப்ரிட்டுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. 2017 முதல் வந்த டபிள்யூஎல்டிபி சோதனையில் சராசரி 46-ஐத் தாண்டுகிறது, உச்சம் 131. இப்போதைய எண்கள் கொஞ்சம் நம்பும்படி இருக்கின்றன.

உங்கள் வண்டியின் உண்மையான எண் வேண்டுமென்றால் டாஷ்போர்டை நம்பாதீர்கள். ஃபுல் டேங்க் போட்டு, ஓட்டி, மறுபடி ஃபுல் டேங்க் போட்டு வகுத்துப் பாருங்கள். என் வண்டித் திரை எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும், தன்னைப் பற்றித்தானே சொல்கிறது. ஒரே டேங்கை வைத்தும் முடிவு கட்ட வேண்டாம். வட அமெரிக்காவில் விற்ற முதல் இரண்டு தலைமுறை பிரியஸ்களில் டேங்குக்குள்ளே நெகிழும் பை ஒன்று இருந்தது. குளிரில் அது விறைத்துக்கொள்ளும், ஃபுல் டேங்க் என்பதன் அளவே மாறும். அந்த வண்டி வைத்திருந்தவர்கள் ஒரு டேங்க் கணக்கை வைத்துக்கொண்டு சண்டை போட்டதெல்லாம் வீண்.

மே 16, கொஞ்சம் கழித்து

“லிட்டருக்கு இத்தனை” என்று பேசும்போது ஒரு கண்கட்டு இருக்கிறது. 10-லிருந்து 12-க்குப் போனால் 100 கிலோமீட்டருக்கு 1.67 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 25-க்குப் போனால் 1 லிட்டர்தான். காதுக்கு இரண்டாவது பெரிதாகக் கேட்கிறது. ஏற்கெனவே சிக்கனமான சிறிய கார் வைத்திருப்பவர் ஹைப்ரிட்டுக்கு மாறினால் மிச்சம் குறைவு. பெரிய, கனமான வண்டிக்காரர் மாறினால்தான் நிஜமான வித்தியாசம்.

மே 19

டீசல்காரர் வந்துவிட்டார். “நெடுஞ்சாலையில் என் டீசல் இதை முந்தும்” என்கிறார்.

முந்தலாம். நெடுஞ்சாலையில் ஹைப்ரிட்டின் சாமர்த்தியம் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். நிற்பதில்லை, கிளம்புவதில்லை, பிரேக்கிலிருந்து ஒன்றும் வராது. வழவழப்பான உடல்வாகு உள்ள கார் (காற்றுத்தடைக் கெழு 0.25 என்று வைத்தால்) மணிக்கு 100-இல் போகச் சுமார் 11 கிலோவாட் வேண்டும், 120-இல் 17. இவ்வளவு சுமை இருந்தால் சாதாரண இன்ஜினும் நல்ல இடத்திலேயே ஓடும். முதல் நாள் சொன்ன லாபக் கணக்குக்கு இங்கே வேலை குறைவு.

அங்கே ஹைப்ரிட்டுக்கு மிச்சம் இருப்பது அந்த அட்கின்சன் இன்ஜினும் உடல்வாகும். 1999-இல் வந்த முதல் ஹோண்டா இன்சைட்டைப் பாருங்கள். அலுமினிய உடல், இரண்டே இருக்கை, பின்சக்கரத்தை மூடிய தகடு. அதன் மைலேஜில் மோட்டாரின் பங்கைவிட அந்த உடலின் பங்குதான் அதிகம் என்பது என் எண்ணம்.

என் தீர்ப்பு: ஓட்டத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலை என்றால் மைலேஜுக்காக மட்டும் ஹைப்ரிட் வாங்க வேண்டாம். வேறு காரணங்களுக்காக வாங்குங்கள். டீசல்காரர் இதைப் படம் எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

மே 20

மாட்டிக்கொண்டாராம்.

மே 24

குறுந்தூர ஓட்டம் பற்றிக் கேட்டவருக்கு. இதைத்தான் யாரும் வாங்கும் முன் சொல்வதில்லை. குளிர்ந்த இன்ஜினை எழுப்பியதும் முதல் சில நிமிடம் அது ஓடுவது வண்டிக்காக இல்லை, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கத்தான். அது சில நூறு டிகிரியை எட்டாமல் வேலை செய்யாது. அந்த நேரத்தில் பேட்டரி நிறைந்திருந்தாலும் சரி, வண்டி நின்றிருந்தாலும் சரி, இன்ஜின் ஓடும். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இரண்டு கிலோமீட்டர் என்றால் ஒவ்வொரு முறையும் அந்தக் கப்பம் கட்ட வேண்டும்.

குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் இன்னும் மோசம். ஹீட்டருக்குச் சூடு இன்ஜின் தண்ணீரிலிருந்து வருகிறது. சிக்னலில் நிற்கும்போது தண்ணீர் ஆறினால், உங்கள் கால் சூட்டுக்காகவே இன்ஜின் எழும். வெயிலில் ஏசி அவ்வளவு தொல்லை இல்லை. கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடும் வண்டிகளில் இன்ஜின் அணைந்தாலும் ஏசி நிற்காது.

ஆக, ஹைப்ரிட்டுக்குப் பிடித்தது அரை மணிக்கு மேல் நீளும் நெரிசல். ஊரே எரிச்சலில் இருக்கும்போது இந்த வண்டி மட்டும் சந்தோஷமாக இருக்கும்.

மே 28

மலையிறக்கம். 1,400 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் 0.38 கிலோவாட் மணி வெளிப்படும். டயர், காற்று, மாற்றும் நஷ்டம் எல்லாம் கழித்தால் பாதிக்குப் பக்கம் பேட்டரிக்கு வரும். 60-லிருந்து 80 சதவீதம் வரை காலி இடம் கால் கிலோவாட் மணி. கணக்குப் பாருங்கள், 150 மீட்டர் இறங்குவதற்குள் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு வருவதை வாங்க இடமில்லை.

இங்கேதான் லீவரில் இருக்கும் ‘பி’ (B, பார்க்கிங்கின் P இல்லை) பயன்படுகிறது. பெட்ரோல் இல்லாமல் இன்ஜினைச் சுற்றவிட்டு அதன் எதிர்ப்பில் வேகத்தைப் பிடிக்கும். சிலர் “அதிகம் சார்ஜ் ஆகும்” என்று சமதளத்திலும் ‘பி’-யில் போட்டு ஓட்டுகிறார்கள். நேர்மாறு. ஆற்றலில் ஒரு பகுதி இன்ஜினைச் சுற்றுவதிலேயே போய்விடும். நீண்ட இறக்கத்துக்கு மட்டும் வையுங்கள்.

ஜூன் 2

பிளக் உள்ள ஹைப்ரிட் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சுருக்கமாக: தினமும் சார்ஜ் போடுபவருக்கு அருமை, போடாதவருக்குத் தண்டம். கனமான பேட்டரியைச் சும்மா சுமந்து திரிவார். ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, கார்களே பதிவு செய்த எரிபொருள் கணக்கை வைத்துச் செய்தது. பெட்ரோல், டீசல் கார்கள் சோதனை எண்ணைவிட சுமார் 20 சதவீதம் அதிகம் கரியமில வாயு வெளியிட்டன. பிளக் ஹைப்ரிட்கள் சராசரியாக 3.5 மடங்கு. சோதனையில் ஒழுங்காகச் சார்ஜ் போடுகிற ஓட்டுநரைக் கற்பனை செய்திருந்தார்கள். நிஜ ஓட்டுநர் கேபிளை டிக்கியிலிருந்து எடுக்கவே இல்லை.

ஜூன் 2, இரவு

‘மைல்டு ஹைப்ரிட்’ என்ற வில்லை ஒட்டிய வண்டி இந்தப் பேச்சில் சேராது. அதில் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், சீக்கிரம் எழுப்பும். பெரும்பாலானவற்றில் தனியாக வண்டியை இழுக்காது. கெட்டது என்று சொல்லவில்லை, வேறு பொருள்.

நிசானின் இ-பவர் இன்னொரு கோடி. 2016-இல் ஜப்பானில் நோட் காரில் வந்தது. இன்ஜின் மின்சாரம் தயாரிக்க மட்டும், சக்கரத்துக்கு இணைப்பே கிடையாது. நம் கேள்விக்காரர் வரைந்த படம் ஏறக்குறைய இதுதான். நெரிசலில் நன்றாக இருக்கும், நெடுஞ்சாலையில் அவர் சொன்ன நஷ்டம் தெரியும். புதிது என்று நினைக்க வேண்டாம். இன்ஜினால் மின்சாரம் செய்து சக்கர மோட்டாருக்குக் கொடுக்கும் காரை ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-இலேயே செய்துவிட்டார்.

ஜூன் 9

பராமரிப்பு. என் அனுபவத்தில் இரண்டு இடம்தான் படுத்தியது, இரண்டும் பெரிய பேட்டரி இல்லை.

ஒன்று, பின்சீட் ஓரத்தில் இருக்கும் காற்றுத்துளை. அலங்காரம் என்று நினைத்துப் பையைச் சாய்த்து வைத்துவிடுகிறோம். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அது வழியாகத்தான் போகிறது. சீட்டுக்குப் பின்னால் விசிறி வேகமாக இரைவது கேட்டுத்தான் நான் மூடியைக் கழற்றினேன். வலையின் மேல் சாம்பல் நிறத்தில், துணியாகவே உரித்து எடுக்கும் அளவுக்கு, தூசியும் நாய் முடியும் படிந்திருந்தன. எடுத்ததும் இரைச்சல் அடங்கியது. வெப்பம்தான் அந்த செல்களைக் கொல்லும். இதற்கு ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டியிருக்கவில்லை.

இரண்டு, 12 வோல்ட் பேட்டரி (சாதாரண காரில் இருப்பது போலவே ஹைப்ரிட்டிலும் தனியாக ஒன்று உண்டு). வண்டி ஒருநாள் எழவே இல்லை. ஒரு சர்வீஸ் நிலையத்தில் பார்த்த உடனே “ஹைப்ரிட் பேட்டரி போச்சு, மொத்தமாக மாற்றணும்” என்றார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் சின்ன பேட்டரி பத்து வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. வண்டியை ஆன் செய்யும்போது உள்ளே ‘டக், டக்’ என்று கேட்குமே, அது பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே. அதை இழுக்க 12 வோல்ட் வேண்டும். அது இல்லையென்றால் பின்னால் 200 வோல்ட் இருந்தும் வண்டி பிணம். யாராவது பெரிய பேட்டரி மாற்றச் சொன்னால், முதலில் சின்னதை அளக்கச் சொல்லுங்கள்.

ஜூன் 10

பிரேக் பேடு நெடுநாள் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மை. கூடவே, அதிகம் பயன்படாததால் டிஸ்க்கில் துருவேறும், காலிப்பர் பின் இறுகும். பேடு தேயவில்லை என்று திறந்தே பார்க்காமல் விடாதீர்கள். நான் எப்போதாவது, பின்னால் யாரும் இல்லாத இடத்தில், நியூட்ரலில் போட்டு பிரேக்கை அழுத்துவேன். நியூட்ரலில் மோட்டார் சார்ஜ் செய்யாது, டிஸ்க் மட்டும் வேலை செய்து துரு உரியும்.

அப்புறம், திரையில் ஓடும் அந்த அம்புக்குறிகள். பார்த்துக்கொண்டே ஓட்டினால் மைலேஜ் கூடும், பம்பர் குறையும்.

ஜூன் 15

கேள்விக்காரர் திரும்பி வந்திருக்கிறார்: “சரி, நஷ்டத்தைவிட லாபம் அதிகம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெடுஞ்சாலை பற்றி நீங்கள் சொன்னது என் பக்கம்தான்.” ஆமாம், உங்கள் பக்கம்தான். அங்கே உங்கள் முதல் கணக்கு பெரும்பாலும் நிற்கும்.

ஜூன் 18

வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கலாமா என்று ஒருவர். முன்சக்கர ஓட்டம் உள்ள ஹைப்ரிட் என்றால் முன்சக்கரம் தரையில் படும்படி இழுக்கவே கூடாது. சக்கரம் சுழன்றால் இரண்டாம் மோட்டாரும் சுழலும். நியூட்ரல் போட்டாலும் பல்சக்கரம் பிரியாது, மேலே எழுதினேனே. மோட்டார் தானாக மின்சாரம் உண்டாக்கும், உள்ளே எண்ணெயும் சரியாகச் சுற்றாது. லாரி மேல் ஏற்றுங்கள், அல்லது முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். இழுவை வண்டிக்காரரிடம் ஹைப்ரிட் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள், வந்த பிறகு சொன்னால் கேட்கமாட்டார்.